பெயரை மாற்றிப் பாருங்கள்

தேசத் தலைவர்களைக் குழந்தைகளுக்குப் பாட்டின் மூலம் அறிமுகப்படுத்துவது நல்ல காரியம் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். நானும் சொல்லுகிறேன். ஆனால் அக்டோபர் 2-ஆம் தேதியும் நவம்பர் 14-ஆம் தேதியும் பள்ளிக்கூட மேடைகளில் ஒப்பிக்கப்படும் பாட்டுக்களில் முக்காலே மூன்று வீசம் எந்தத் தலைவரையும் அறிமுகப்படுத்தவில்லை என்பது என் கட்சி.

சில காலத்துக்கு முன் விழுப்புரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பாட்டுப் போட்டிக்கு என்னை நடுவராக உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். கதை எழுதுகிறவனுக்குப் பாட்டும் தெரிந்திருக்கும் என்று யாரோ நம்பியிருக்கிறார்கள். குழந்தைகள் கணீரென்று பாடின. அன்பின் வடிவம், தியாகச் சுடர், பாரதத் தாயின் தவப்புதல்வர் என்று அடைமொழிகள் மழையாகக் கொட்டின. ஐந்தாவது பாட்டில் எனக்கு ஒரு விபரீத யோசனை தோன்றியது. காந்தி என்று வந்த இடத்தில் நேரு என்று போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. நேதாஜி என்று போட்டேன். சந்தம் கொஞ்சம் இடறியது, பொருள் இடறவில்லை.

அந்தப் பாட்டைப் பாடிய பையனை அருகில் அழைத்து, "காந்தி எதற்காக ஜெயிலுக்குப் போனார், தம்பி?" என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, உபாத்தியாயரைப் பார்த்தான். உபாத்தியாயரோ, "பாட்டைத்தான் சார் தயார் பண்ணச் சொன்னாங்க. கேள்வி உண்டுன்னு சொல்லலையே!" என்றார். அவர் மேல் குற்றமில்லை. போட்டியின் விதியே அப்படி.

மறுநாள் காலை உள்ளூர் நண்பர் ஒருவர் என்னை மண்டகப்பட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையில் இருக்கிற சிறிய ஊர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்தான். மூன்று கருவறைகள், முகப்பின் இரு கோடியிலும் துவாரபாலகர்கள். அவ்வளவுதான் கோயில். அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. ஒற்றைச் செய்யுள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசுவரனுக்கும் விஷ்ணுவுக்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் செய்வித்த ஆலயம் இது என்பது அதன் செய்தி.

முந்தின நாள் பாட்டுக்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கல்லின் முன்னால் சிரிப்பு வந்தது. அரசன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்ட செய்யுள்! அவன் நினைத்திருந்தால் வானத்தையும் சூரியனையும் துணைக்கு இழுத்திருக்கலாம். தடுக்க ஆள் ஏது? விசித்திரசித்தன் என்ற ஒரே ஒரு பட்டப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, மற்ற இடத்தையெல்லாம் செய்த காரியத்துக்குக் கொடுத்துவிட்டான். அதில் வேறு அரசன் பெயரைப் போட முடியாது. போட்டால் பொய்யாகிவிடும்.

இது மகேந்திரவர்மனோடு முடிந்த வழக்கமும் அல்ல. கடையெழு வள்ளல்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம்? பாரி என்றால் முல்லைக்குக் கொடுத்த தேர். பேகன் என்றால் மயிலுக்குப் போர்த்திய போர்வை. அதியமான் என்றால் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி. தேரைப் பேகனிடம் கொடுத்துப் பாருங்கள்; ஐந்தாம் வகுப்புக் குழந்தை எழுந்து நின்று திருத்தும். 1930-ல் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்புச் சத்தியாக்கிரகிகளுக்கு நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டும், எந்த ஆயுதம் இல்லாத போர் இது என்பதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மண்டகப்பட்டுக் கல்லும் அந்தப் பாட்டும் ஒரே ஜாதி. எது இல்லாமல் செய்தோம் என்பதைச் சொன்னாலே செய்ததன் அருமை தெரிந்துவிடுகிறது.

"குழந்தைகளுக்கு முதலில் பக்தி வரட்டும், விவரம் பிறகு வரட்டும்" என்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் 'பிறகு' வந்து நான் பார்த்ததில்லை. எதுகையும் மோனையும் சேர்ந்து மனத்தில் ஆணி அடித்ததை ஐம்பது வருஷம் ஆனாலும் பிடுங்க முடியாது. அதனால்தான் பாட்டு வேண்டும் என்கிறேன். அதனால்தான் பயப்படவும் செய்கிறேன். வெறும் அடைமொழியைக் கேட்டு வளர்ந்த குழந்தை, வோட்டுப் போடும் வயதில் சுவரொட்டிகளில் அதே அடைமொழிகளைப் படிக்கும். தியாகச் சுடர்கள் அங்கே தெருவுக்குப் பத்துப் பேர். என்ன செய்தார் என்று கேட்கும் பழக்கத்தை நாம்தான் கற்றுக் கொடுக்கவில்லையே!

இது முடியாத காரியமா? அழ. வள்ளியப்பா ஒரு நூலுக்குப் 'பாட்டிலே காந்தி கதை' என்று பெயர் வைத்தார். கதை என்ற சொல்லைக் கவனியுங்கள். வ.உ.சி. மாபெரும் தியாகி என்று பத்துத் தடவை பாடுவதைவிட, 1906-ல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதையும், பிறகு கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு இழுத்ததையும் ஒரு தடவை பாடுவது மேல். தியாகம் என்ற சொல்லை அப்போது குழந்தையே கண்டுபிடித்துக்கொள்ளும்.

போட்டி முடிந்த பிறகு அந்தப் பையனிடம் காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கும் ஒரு சம்பவத்தைச் சொன்னேன். ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியின் முதல் வருஷம். இன்ஸ்பெக்டர் ஐந்து ஆங்கில வார்த்தைகளை எழுதச் சொல்லுகிறார். 'கெட்டில்' என்ற வார்த்தை காந்திக்குத் தப்பாகிவிடுகிறது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுது என்று வாத்தியார் பூட்ஸ் முனையால் ஜாடை காட்டுகிறார். காந்தி பார்த்து எழுதவில்லை.

பையனின் கண்கள் அகன்றன. "அப்ப அவருக்கு மட்டும் மார்க்கு போச்சா, சார்?" என்றான்.

"அவரைத் தவிர எல்லாரும் சரியாக எழுதிவிட்டார்கள்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். கையில் முதல் பரிசுக் கோப்பை இருந்தது. அன்றைக்குத்தான் அவனுக்குக் காந்தி அறிமுகமானார்.