காந்தமானித் தரவைப் பூட்டி வைக்கலாமா?

விண்வெளி வானிலையை முன்கணிக்க உலகம் பெரிதும் நம்பியிருப்பது இரண்டு இடங்களின் காந்தப்புல அளவீடுகளை. ஒன்று, சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்-1 புள்ளி. இந்தியாவின் ஆதித்யா எல்-1 உட்பட அங்குள்ள விண்கலங்கள் சூரியக் காற்றின் காந்தப்புலத்தை அளக்கின்றன. அந்தப் புலம் தெற்கு நோக்கித் திரும்பினால் புவிகாந்தப் புயல் வலுக்கும். இப்படி முன்கூட்டி எச்சரிக்கக் கிடைக்கும் அவகாசம் 15 முதல் 60 நிமிடம். மற்றொன்று, தரை. 13 நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு, பூமி முழுவதற்கும் மூன்று மணி நேரத்துக்கு ஓர் எண்ணாக கேபி குறியீடு கணக்கிடப்படுகிறது.

செயற்கைக்கோள்களுக்குச் சேதம் நிகழ்வதோ இவ்விரண்டுக்கும் இடையில். காந்தப்புலக் கோடுகள் வழியே துருவப் பகுதிகளில் இறங்கும் மின்னோட்டங்கள் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்குகின்றன. காற்று விரிந்து, அதன் உராய்வு செயற்கைக்கோள்களைக் கீழிறக்குகிறது. 2022 பிப்ரவரி 3-ல் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 இப்படித்தான் அழிந்தன. அது பெரும்புயல்கூட அல்ல.

இந்த மின்னோட்டங்களின் காந்தப்புலத்தை நேரடியாக அளக்கும் கருவி ஏற்கெனவே வானில் இருக்கிறது. தாழ் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் பலவற்றில், எந்தத் திசை நோக்கியிருக்கிறோம் என அறிய காந்தமானி பொருத்தப்பட்டுள்ளது. இரிடியம் நிறுவனத்தின் 66 தொலைபேசிச் செயற்கைக்கோள்களில் உள்ள அத்தகைய காந்தமானிகளின் பதிவுகளைத் திரட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகம் 'ஆம்பியர்' திட்டத்தை நடத்துகிறது. 2013-ல் ஐரோப்பா ஏவிய ஸ்வார்ம் செயற்கைக்கோள்களின் கருவிகள் மிகத் துல்லியமானவை. ஆனால் அவை மூன்றே மூன்று. இரிடியத்தின் கருவிகள் சாதாரணமானவை. ஆனால் ஆறு சுற்றுப்பாதைகளில் பரவியிருப்பதால், இரு துருவங்களின் மின்னோட்டப் படமும் பத்து நிமிடங்களில் கிடைக்கிறது. கேபி குறியீட்டுக்குத் தரையில் 13, ஆம்பியருக்கு வானில் 66: முன்கணிப்பின் எதிர்காலம் எங்கிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இத்தகைய தாழ் சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் சேவைக்கு, 2025 ஜூலையில் இந்திய அரசின் விண்வெளி அனுமதி அமைப்பான இன்-ஸ்பேஸ் அனுமதி வழங்கியது. இச்சேவையையொட்டிய விவாதம் பெரிதும் அலைக்கற்றை ஏலமா, ஒதுக்கீடா என்பதிலேயே சுழன்றது. காந்தமானித் தரவு யாருடைய கவனத்துக்கும் வரவில்லை. இது மன்னிக்க முடியாத அலட்சியம். தரவு வணிக ரகசியம் என்பது வெற்று வாதம்: செயற்கைக்கோள் எங்கே பறக்கிறது என்பதே ஊரறிந்த விஷயம். கருவிகளில் இரைச்சல் அதிகம் என்பதற்கு இரிடியம் எப்போதோ விடை தந்துவிட்டது.

இந்திய வானுக்குள் சேவை வழங்க வரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் காந்தமானிப் பதிவுகளை உடனுக்குடன் இஸ்ரோவுக்குத் தருவது அனுமதியின் கட்டாய நிபந்தனையாக வேண்டும். தர மறுக்கும் நிறுவனத்துக்கு அனுமதி மறுக்கப்பட வேண்டும்.