தொடரும் சான்றும்

தாம்பரத்து விடுதியறைகளில் நாம் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை ஒருங்கு வைத்து நோக்கின், "என்று கூறின் மிகையாகாது" என்னுந் தொடர் பக்கந்தோறும் தலைகாட்டுகின்றது. வழக்குத்தொடர் குற்றமன்று. தொல்காப்பியனார் "என்மனார் புலவர்" எனப் பன்முறை மொழிந்து, முன்னோர் கொள்கையை முன்னோர்க்கே உரியதாக்கினார். இளம்பூரணர் "என்னுதலிற்றோ எனின்" என வினவி, சூத்திரங் கருதிய பொருளை உடனே விடுத்தார். அவர்தந் தொடரின்பின் பொருள் வந்தது. நாமோ சான்று கிடையாத இடத்திலேயே "மிகையாகாது" என்கின்றோம்.

சென்ற பருவத்தில் நம் கட்டுரையொன்றில் அத்தொடர் 5 இடங்களில் இருத்தல் கண்டு அடித்துப் பார்த்தோம். 2 இடங்களில் சான்று நின்றது. ஏனைய மூன்றிலும் கருத்தே இல்லை. நாணினோம், ஆயினும் கட்டுரை நேர்மையுற்றது.

தோழர்காள்! இனி அத்தொடரை எழுதுமுன், அதனை நீக்கின் எஞ்சுவது யாதெனப் பார்ப்போமாக.