அளவையியல் யாருக்கு உரியது?

அளவையியலைப் பற்றி எம்மவரிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. கலைப் பிரிவில் வேறு பாடம் வாய்க்காத பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சையில் புள்ளி வாங்கித் தரும் இலகுவான பாடம் அது என்பது ஒன்று. மற்றையது எம் முற்போக்கு நண்பர்கள் சிலருடையது: அது உறைந்துபோன சிந்தனை, ஆளும் வர்க்கத்தின் சொல்விளையாட்டு, இயங்கியல் கற்றவனுக்கு அது வேண்டியதில்லை என்கிறார்கள். முதற் கருத்து அறியாமையால் விளைந்தது, மன்னித்துவிடலாம். இரண்டாவது படித்தவர் வாயிலிருந்து வருகிறது. அதனோடுதான் எமக்கு வழக்கு.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலப் பல்கலைக்கழகம் சென்ற முதலாண்டில், அளவையியற் கருத்தரங்கு வகுப்பொன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். கிட்டங்கித் தாம்போதியை மாரி வெள்ளம் மூடினால் அன்றைக்குக் கல்முனைப் பயணம் இல்லை என்று வளர்ந்த சவளக்கடைப் பிள்ளைக்கு, கரும்பலகையில் எழுந்த குறியீடுகள் அச்சமூட்டின. விரிவுரையாளர் மூன்று வரி எழுதினார். 'ப' ஆயின் 'ம'. 'ம' உண்டு. ஆகவே 'ப' உண்டு. இது வாய்ப்பான வாதமா என்று கேட்டார். பெரும்பாலோர் ஆம் என்றோம். அவர் மறுத்தார். மழை பெய்தால் வீதி நனையும்; வீதி நனைந்திருக்கிறது என்பதால் மழை பெய்ததென்று துணியலாமா, தண்ணீர் பவுசர் ஒழுகியிருக்கலாமே என்றார். சிரித்தோம், குறிப்பேட்டில் எழுதினோம். பரீட்சையில் அதே வினா வந்தது, சரியாக விடையளித்தோம். அந்த மூன்று வரிக்கும் கைகால் முளைத்து, பொல்லெடுத்து வீதிக்கு வரும் என்று எவரும் சொல்லித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.

2018 பெப்ரவரி 26 ஆம் நாள் இரவு அது அம்பாறை நகரின் வீதிக்கு வந்தது. முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில் உண்ண வந்தவர்கள் உணவிலே ஏதோ கட்டியைக் கண்டார்கள். மலடாக்கும் மாத்திரை கலந்திருக்கிறது என்றார்கள். சிங்களம் செவ்வனே விளங்காத காசாளர், சூழ நின்று மிரட்டியவர்களுக்கு நடுவே ஆமென்பது போல் ஏதோ சொன்னதைப் படம் பிடித்து, ஒப்புதல் வாக்குமூலம் என்று பரப்பினார்கள். கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் சேதமாயின. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்துச் சொன்னார்: அது வெறும் மாவுக்கட்டி. சோற்றிலோ கறியிலோ இட்டு ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லையென்று மருத்துவர்களும் சொன்னார்கள். அதற்குள் நடக்க வேண்டியதெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அந்த இரவின் வாதத்தை உரித்துப் பாருங்கள். மாத்திரை கலந்தால் கட்டியிருக்கும், கட்டியிருக்கிறது, ஆகவே மாத்திரை. நாம் சிரித்துக்கொண்டே எழுதிய அதே மூன்று வரி!

'காடையர் அளவையியல் கற்றிருந்தால் கல்லைக் கீழே போட்டிருப்பாரோ?' என்று நண்பர்கள் நகைப்பார்கள். போட்டிருக்கமாட்டார்கள், ஒப்புக்கொள்கிறோம். வகுப்புவாதத்துக்கு வேர் அரசியலிலும் வணிகப் போட்டியிலும் இருக்கிறது. கல்லெறிந்தவனுக்கு முடிவு முன்னமே தெரியும், எடுகூற்றுகளை அவன் பிறகுதான் தேடினான். ஆனால் அந்தப் படத்தைக் கண்டு 'இருக்கும்' என்று தலையாட்டி அடுத்தவருக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கானோர் யார்? அவர்கள் கையில் கல் இல்லை. கல்லெறிபவனுக்கு முதுகுக்குப் பின்னால் அவர்களே நின்றார்கள்.

இயங்கியலின் பெயரால் அளவையியலை இகழ்வோர் தம் ஆசான்களையே மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. பழைய மெய்யியலில் எஞ்சி நிற்பவை எவை என்று 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் கணக்கிட்ட எங்கெல்ஸ், இயங்கியலோடு முறைசார் அளவையியலையும் சேர்த்தே எண்ணினார். 1921 ஜனவரியில் தொழிற்சங்க விவாதத்தின்போது அதன் போதாமையை எடுத்துக்காட்டிய லெனினும், பள்ளிக்கூடங்கள் அதனைக் கற்பிக்கவே வேண்டும் என்று இடையிலே குறித்து வைத்தார். 1946 இல் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு அதை இடைநிலைப் பள்ளிகளில் பாடமாக்கத் தீர்மானித்தது. எண்சுவடி கற்காதவன் உயர்கணிதத்தைப் பழித்தால் சிரிக்கிறோம். உயர்கணிதத்தின் பெயரால் எண்சுவடியைப் பழிப்பவனை மட்டும் மேடையேற்றுகிறோம்.

மேற்கத்தியச் சரக்கு என்று தள்ளுவோரும் உளர். மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்தது என்ன? பக்கம், ஏது, திட்டாந்தம் என்று உறுப்புப் பிரித்து, வாதம் எங்கெங்கே போலியாகும் என்ற பட்டியலை அல்லவா அவள் முன் வைத்தார்! 18 ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கிய தருக்க சங்கிரகத்தின் மரபிலே நமது மூன்று வரி அப்படியே இருக்கிறது. மலையிலே புகை கண்டால் நெருப்பு உண்டெனலாம். நெருப்புக் கண்டு புகை உண்டெனல் ஆகாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பிலே நெருப்புண்டு புகையில்லை. கொல்லன் பட்டறையைக் கண்ட எவனுக்கும் விளங்கும் பாடம் இது. அரபு மத்ரசாக்களின் கதையும் வேறன்று. 13 ஆம் நூற்றாண்டில் அல்-அப்ஹரீ எழுதிய 'ஈசாகூஜி' அங்கே மன்திக் பாடமாகத் தலைமுறை தலைமுறையாய் ஓதப்பட்டது. மார்க்கச் சட்டத்தின் மூலங்களை ஆராயும் 'அல்-முஸ்தஸ்பா'வுக்கு அளவையியலையே முன்னுரையாக்கிய இமாம் கஸ்ஸாலி, அதை அறியாதவனின் கல்வியை நம்புவதற்கில்லை என்றார். நம்பிக்கை கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் அவரிடம் போய் வழக்காடட்டும்.

இதுவரை பிறர் குற்றம் சொன்னோம். எம் ஆசிரியர் ஓய்வறைக்கும் வருவோம். 2019 ஜூனில், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதமும் அதற்கு எதிராகச் சத்தியாக்கிரகமும் நடந்த நாள்களில், பட்டம் பெற்ற வாய்களிலிருந்தே நாம் கேட்டவை இவை. எம்மை அழிக்க நினைப்போர் இதை எதிர்க்கிறார்கள், இன்னார் எதிர்க்கிறார், ஆகவே இன்னார் எம்மை அழிக்க நினைக்கிறார். மறுபுறத்தில் 'எதிர்க்கிறார்' என்ற இடத்தில் 'கேட்கிறார்' என்று வைத்தால் போதும், மற்ற எல்லாம் ஒன்றே. நாய்க்கு நான்கு கால், மேசைக்கும் நான்கு கால், ஆகவே மேசை நாய் என்று ஒன்பதாம் தரப் பிள்ளை எழுதினால் சிவப்பு மையால் கீறும் கை, இதற்குத் தாளமிட்டது. நாமும் ஒருநாள் வாய்மூடி இருந்தோம். அதே ஆண்டு ஏப்ரலுக்குப் பின், 'சிலர்' என்று சொல்ல வேண்டிய இடமெல்லாம் 'எல்லாரும்' என்று நாடே பேசியபோது நொந்தவர்கள்தாம் அந்த அறையில் பாதிப்பேர்!

ஆதலின் உயர்தரக் கலைப் பிரிவு வரை இதற்காகக் காத்திருக்கலாகாது என்கிறோம். அதற்கு முன்பே பள்ளியை விட்டு வயலுக்கும் கடலுக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடும் பிள்ளைகள்தாம் எம் ஊரில் மிகுதி. தமிழ்ப் பாடத்தில் கட்டுரை கற்பிக்கிறோம். உவமையும் அணியும் கற்பிக்கிறோம். ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொரு வாக்கியம் பிறக்கும் நியாயத்தைக் கற்பிக்க எந்தச் சுற்றறிக்கை தடுத்தது?

அண்மையில் பதினோராம் தர வகுப்பில் அந்த மூன்று வரியை எழுதினோம். முதலில் வெறும் எழுத்துகளால். வாய்ப்பானதா என்றதும், நாம் அன்று சொன்னது போலவே ஆம் என்றார்கள். பிறகு எழுத்துகளை அழித்து, மாத்திரை என்றும் கட்டி என்றும் எழுதினோம். வகுப்பு அடங்கிவிட்டது. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"சேர், அந்தக் கடைக்குச் சாப்பிட வந்தாக்கள் படிச்ச பள்ளிக்கூடத்தில இது இருந்திருக்குமா?"

பதினோராம் தரம் வரை அவர்களுக்கும் இருந்திருக்காது என்றோம்.