கவுன்சிலர் இல்லாத ஊர்

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் புதுச்சேரி. இரண்டு ஊரும் ஒரே கடற்கரையில் இருக்கின்றன. பேசுவது ஒரே தமிழ். பெண் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு.

ஆனால், ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது.

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. மக்கள் ஓட்டுப் போட்டு 45 கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் மேயராக வந்தவர் ஒரு பெண்மணி, சுந்தரி ராஜா.

புதுச்சேரியின் கதை வேறு. அங்கே நகரசபைத் தேர்தல் 1968-ல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006-ல்! இடையில் 38 ஆண்டுகள். 1968-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணம் முடித்து, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகுதான் கவுன்சிலர் தேர்தலைப் பார்த்தது.

அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை. 2021-ல் தேதி குறித்தார்கள். இட ஒதுக்கீடு பற்றிக் கோர்ட்டில் வழக்கு வந்தது. தேர்தல் நின்றது. 2011-க்குப் பின் பல ஆண்டுகள் இப்படியே ஓடிவிட்டன.

ஓட்டின் அருமை தெரிந்த ஊர்

புதுச்சேரி ஓட்டின் அருமை தெரியாத ஊரா? இல்லை.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே, 1880-ல், அங்கே நகரசபைகள் வந்துவிட்டன.

அது பஞ்சாலை நகரம். ஆலைச் சங்கு ஊதினால் ஊர் எழுந்திருக்கும். அந்த ஆலைகளில் விடிந்தது முதல் இருட்டும் வரை வேலை. சங்கம் வைக்க உரிமை இல்லை. வ. சுப்பையா போன்ற தலைவர்கள் தொழிலாளர்களை ஒன்று சேர்த்தார்கள். வேலைநிறுத்தம் நடந்தது. 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு. 12 தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

அந்த ரத்தம் வீண் போகவில்லை. 1937 ஏப்ரலில் வந்த சட்டம் 8 மணி நேர வேலைக்கும், சங்கம் வைக்கும் உரிமைக்கும் வழி செய்தது.

அடுத்து 1954. புதுச்சேரி இந்தியாவோடு சேரவேண்டுமா, வேண்டாமா? அக்டோபர் 18-ந்தேதி கீழூர் கிராமத்தில் ஓட்டெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களும்தான். மொத்தம் 178 பேர். சேரவேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந்தேதி ஆட்சி கைமாறியது.

அதாவது, நாட்டோடு ஊரைச் சேர்த்து வைத்ததே கவுன்சிலர்களின் ஓட்டு. அந்த ஊரில்தான் கவுன்சிலர் இல்லை!

அதிகாரி போதாதா?

"அதிகாரிகள் நிர்வாகம் செய்கிறார்களே, போதாதா? கவுன்சிலர் வந்தால் கமிஷன்தான் வரும்" என்று சிலர் சொல்லுகிறார்கள்.

கெட்ட கவுன்சிலர்கள் உண்டு. மறுக்கவில்லை. ஆனால் கெட்டவரை ஐந்து ஆண்டில் வீட்டுக்கு அனுப்பலாம். அதிகாரியை அனுப்ப நமக்கு ஓட்டு இல்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நம் சந்தின் சாக்கடை அவருக்குத் தெரியும் முன்பே மாற்றல் உத்தரவு வந்துவிடும். கவுன்சிலர் அதே தெருவில் குடியிருக்கிறவர். காலையில் டீக்கடைக்கு வந்தால் நாலு பேருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஊர் வெள்ளக்காடு ஆனது. எந்த வீட்டில் தனியாக ஒரு கிழவி இருக்கிறார், எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் ஆபீஸ் பைலில் இருக்காது. வார்டுக்காரருக்குத்தான் தெரியும்.

கடலூர்க்காரர்களும் சிரிக்க வேண்டாம். 1866-லேயே நகரசபை கண்ட ஊர் இது. ஆனாலும் 2016 அக்டோபர் முதல் 2022 வரை, தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாவற்றையும் போல, கடலூரும் கவுன்சிலர் இல்லாமல்தான் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் நடக்கவேண்டும் என்பது 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம். சட்டம் புத்தகத்தில் இருந்தது. தேர்தல் வரவில்லை.

ஏன்? கவுன்சிலர் பலம் பெற்றால் எம்.எல்.ஏ.வின் செல்வாக்கு குறையும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இதுதான் கதை. மக்களும், "நமக்கென்ன?" என்று இருந்துவிடுகிறார்கள்.

இனி அப்படி இருக்கக்கூடாது. எம்.எல்.ஏ. ஓட்டுக் கேட்டு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "நகரசபைத் தேர்தல் எப்போது?" தேதி சொல்லச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரும், வீட்டில் உள்ள பெண்களின் பெயரும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

புதுச்சேரியின் பெரிய ஆலையான ஏ.எப்.டி. 1898-ல் தோன்றியது. 2020 ஏப்ரலோடு மூடிவிட்டார்கள். ஆலையைத் திறக்கப் பணம் வேண்டும். நகரசபையின் கதவைத் திறக்க அவ்வளவு வேண்டாம். மனம் இருந்தால் போதும்.