ஊட்டிக்கு ஏசி எதற்கு?

"ஊட்டிக்காரங்களுக்கு ஏசி எதுக்கு சார்?" இப்படிக் கேட்காத பழைய வண்டி வியாபாரி நம் மலையில் இருக்கமாட்டார். சூமோ, பொலிரோ, குவாலிஸ் என்று எதைப் பார்க்கப் போனாலும், ஏசி ஓடவில்லை என்பதை ஒரு குறையாகவே சொல்வதில்லை. வாங்குகிற நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். என் கருத்து இதற்கு நேர் எதிர். சமவெளிக்காரருக்கு ஏசி சுகத்துக்கு. மலைக்காரருக்கு அது கண்ணுக்கு. முன்கண்ணாடி தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஏசி, ஹீட்டர், வெளிக்காற்று வரும் வழி ஆகிய மூன்றும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஓடியவை படுதா போட்ட மகிந்திரா ஜீப்புகள். காற்றுக்கென்று தனி வழி எதுவும் அவற்றுக்குத் தேவைப்படவில்லை. படுதா ஓரம், கதவு இடுக்கு, பெடல் ஓட்டை என்று எல்லாப் பக்கமும் காற்று புகுந்து புறப்படும். முழங்கால் விறைக்கும், ஆனால் கண்ணாடியில் ஆவி அதிகம் தங்காது. பிறகு 1994-ல் சூமோ, 2000-ல் குவாலிஸ், பொலிரோ என்று நாலு பக்கமும் அடைத்த வண்டிகள் வந்தன. வெளிக்குளிர் நின்றது. கூடவே நம் மூச்சும் உள்ளேயே நின்றுவிட்டது.

இந்த வண்டிகளில் காற்று வரும் வழி எளிமையானது. வைப்பருக்குக் கீழே, போனட் முடிகிற இடத்தில், சல்லடை போல ஒரு திறப்பு இருக்கும். வண்டி ஓடும்போது காற்று முன்கண்ணாடியில் மோதுவதால் அந்த இடத்தில் அழுத்தம் கூடும். காற்று தானாகவே உள்ளே இறங்கும். போதாததற்கு பிளோயர் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து ஏசி சுருள், ஹீட்டர் சுருள் வழியாக வந்து முகத்துக்கோ, காலுக்கோ, கண்ணாடிக்கோ பிரியும். பின்பக்கத்தில் பல வண்டிகளில் ரப்பர் மடல் வைத்த சிறு திறப்பு வழியாகக் காற்று வெளியேறும். வெளியே போக வழியில்லாவிட்டால் புதுக்காற்று உள்ளே வராது. அப்படிப்பட்ட வண்டியில் பின் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினால் போதும், வித்தியாசம் தெரியும்.

டாஷ்போர்டில் ஒரு சின்ன லீவர் இருக்கும். ஒரு பக்கம், வெளியிலிருந்து அம்பு உள்ளே வருகிற படம். மறுபக்கம், வண்டிக்குள்ளேயே அம்பு சுற்றுகிற படம். நம் ஊரில் பெரும்பாலும் இது சுற்றுகிற பக்கமே கிடக்கிறது. முன்னால் போகும் பஸ்ஸின் புகை நாறுகிறது என்று டிரைவர் தள்ளுவார். குளிருகிறது என்று நம் வயதுக்காரர்கள் தள்ளச் சொல்வோம். புகைக்காக இரண்டு நிமிடம் மூடுவது நியாயம். மேட்டுப்பாளையத்தில் மூடியதைக் குன்னூர் வரை மூடியே வைத்திருப்பதுதான் தவறு. ஏழெட்டுப் பேர் விடுகிற மூச்சின் ஈரம் முழுவதும் குளிர்ந்த கண்ணாடியில் போய்ப் படியும். விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதால் கரியமில வாயு ஏறி, தலை கனக்கும், கொட்டாவி வரும். பின்னால் இருப்பவர் தூங்கினால் பரவாயில்லை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் ஸ்டியரிங் பிடிப்பவருக்குக் கொட்டாவி வரலாமா?

"வெளியே மேகமே தரையில் உட்கார்ந்திருக்கிறது, அந்த ஈரக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் மோசமாகாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். அடைமழை நாளில் வெளிக்காற்றைச் சூடாக்கித்தானே ட்ரஃப் வழியாக இலைக்குள் ஊதுகிறோம்? 10 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 9 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம். மூடுபனிக் காற்றானாலும் சூடாக்கிவிட்டால் அது தாகமெடுத்த காற்றாகிவிடும். எதிர்ப்பட்ட ஈரத்தையெல்லாம் குடிக்கும். வாட்டும் மாடியின் ஜன்னல்களை அடைத்து அதே காற்றைச் சுற்றவிட்டால் இலை வாடுமா? வண்டிக்கும் அதே கணக்குதான்.

ஹீட்டரின் சூடு என்ஜின் தண்ணீரிலிருந்து வருகிறது. அதனால் கிளம்பியவுடன் கிடைக்காது. டீசல் வண்டியில் சில கிலோமீட்டர் ஆகும். இரண்டாவது கியரில் நீண்ட இறக்கம் இறங்கும்போதும் என்ஜின் ஆறி, சூடு குறையும். அங்கேதான் ஏசி கைகொடுக்கிறது. குளிர்ந்த சுருளில் பட்டவுடன் காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டிவிடும். நிறுத்திய வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதே, அது அந்த ஈரம்தான். ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் உலர்ந்த, வெதுவெதுப்பான காற்று கண்ணாடிக்குப் போகும். உறைபனி விழும் ஜனவரி விடியலில் மட்டும் ஏசி ஓடாமல் போகலாம்; அப்போது ஹீட்டரை நம்ப வேண்டியதுதான்.

கல்லாறு தாண்டினால் கதை தலைகீழ். ஏசிக் காற்று பட்டு ஜில்லென்று இருக்கும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், சமவெளியின் வெப்பமான ஈரக்காற்று வந்து படியும். உள்ளே எவ்வளவு துடைத்தாலும் போகாது. வைப்பரை ஒரு தடவை ஓட்டிவிட்டு, கண்ணாடிக்குப் போகும் குளிர்காற்றைக் குறைத்தால் தீர்ந்தது.

நம் ஊருக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. சில்வர் ஓக் நிழலிலும் கற்பூர மரத்தடியிலும் வண்டியை நிறுத்துகிறோம். இலைச் சருகு அந்தச் சல்லடைக்குள் விழுந்து, மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டையை அடைக்கும். தண்ணீர் காலடி மேட்டுக்குள் இறங்கும். ஈர மேட்டுள்ள வண்டியில் எந்த லீவரைத் தள்ளினாலும் கண்ணாடி தெளியாது. தென்மேற்குப் பருவம் தொடங்கும் முன் ஒரு தடவை, வடகிழக்குப் பருவத்துக்கு முன் ஒரு தடவை சருகை அள்ளிவிடுங்கள். மேட்டை எடுத்து வெயிலில் போடுங்கள். லீவரைத் தள்ளினால் உள்ளே மடல் அசைகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் கேபிள் கழன்று, லீவர் மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நீளமான பைப்பையோ கட்டிலையோ ஏற்றி, பின்கதவைத் திறந்தபடி கயிறு கட்டிக்கொண்டு ஓட்டுவதைக் காண்கிறேன். ஓடும் வண்டியின் முதுகில் அழுத்தம் குறைவு. சைலன்சர் புகை திரும்பி உள்ளேயே ஏறும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. அதேபோல, குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வண்டிக்குள் தூங்குவதும் வேண்டாம்.

வைப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுகிறோம், பிரேக் கத்தினால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறோம். கண்ணாடியில் ஆவி படிந்தால் மட்டும் டிரைவர் கையில் ஒரு பழைய துணியைக் கொடுத்துவிடுகிறோம். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை துணியில். எதிரே வளைவில் பஸ் வருகிறது. அந்தத் துணியை நம்பி மலை இறங்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அடுத்த முறை கோவை ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ வாடகை வண்டி எடுக்கும்போது, "தம்பி, வெளிக்காற்றை விடுப்பா, ஹீட்டரையும் போட்டுக்கோ" என்று சொல்லிப் பாருங்கள். குளிர் தாங்காதவர்கள் ஒரு சால்வையைக் கூடுதலாக எடுத்துக்கொண்டால் போதும்.