அம்மா பேசட்டும்



பழனி அரசு மருத்துவமனையில் ஒரு காலை நேரம் ஓபி சீட்டு வாங்க நின்றவர்களுக்கு அந்தக் கூட்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆயக்குடி, பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி என்று சுற்றுவட்டாரமே அங்கு வருகிறது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வரிசையில் காத்திருந்து, கடைசியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் என்ன நடக்கிறது?

"என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் கேட்கிறார். அம்மா வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மகன் ஆரம்பித்துவிடுகிறார். "மூணு நாளா காய்ச்சல் சார். சரியாவே சாப்பிடறதில்ல. சுகர் மாத்திரையும் ஒழுங்கா போடறதில்ல." அம்மா தலையை ஆட்டுகிறார். மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது.

அந்த அம்மா என்ன சொல்ல நினைத்து வந்தார்? டாக்டருக்குத் தெரியாது. மகனுக்கும் தெரியாது.

டாக்டரும் நோயாளியும் பேசும் இடத்தில் மௌனத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த முறை உங்களோடு பேச நினைத்தேன். இருக்கிற நேரமே போதாது, இதில் மௌனம் வேறா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளியோடு டாக்டர் செலவிடும் நேரம் சுமார் 2 நிமிடம் என்றது. சுவீடனில் அது 22 நிமிடத்துக்கும் மேல். அத்தனை பேரையும் மதியத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டிய நம் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நம்மைவிட நேரம் இருக்கிற நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் 1984-ல் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 வினாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒருவர்கூட இல்லை.

விட்டால் மணிக்கணக்கில் பேசுவார்களே என்ற பயம் டாக்டர்களுக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் பேசெல் நகரில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளியான ஆய்வு அது. நோயாளி தானாக நிறுத்தும்வரை குறுக்கே பேசாதீர்கள் என்று டாக்டர்களிடம் சொல்லிவிட்டு, நேரத்தைக் குறித்தார்கள். 335 நோயாளிகள். சராசரியாகப் பேசியது 92 வினாடி! ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் ஏழே பேர். அவர்கள் சொன்னதும் தேவையான விஷயம்தான் என்று அந்த டாக்டர்களே சொன்னார்கள்.

சித்தர் போகரின் பெயரைச் சொல்லும் நம் ஊருக்கு இது புதிதா என்ன? சித்த மருத்துவத்தில் நோயை அறிய எட்டு வழிகள் உண்டு. நாடி, நா, நிறம், விழி இவற்றோடு மொழியும் அதில் ஒன்று. நோயாளியின் குரல் கம்மியிருக்கிறதா, உரத்து வருகிறதா என்பதே ஒரு பரிசோதனை. அவரைப் பேசவிடாமல் அதை எப்படிச் செய்வது? வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்க்கும்போது வீடே வாய்மூடி நிற்கும். அந்த நேரம் வீணாகப் போயிற்று என்று யாரும் சொன்னதில்லை.

எல்லா மௌனமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் அறையில் படுத்திருக்கும் கர்ப்பிணியைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் திரையையே பார்க்கிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு உயிரே போய்விடுகிறது. ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது என்பது 1994-ல் வந்த சட்டம். மிக நல்ல சட்டம். ஆனால் "குழந்தையின் இதயத்துடிப்பு நல்லா இருக்கும்மா" என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. பயாப்ஸி ரிசல்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அதைச் சொன்ன அடுத்த நொடியே ஆபரேஷன், கீமோ, காப்பீட்டு அட்டை என்று அடுக்கினால், எதிரில் இருப்பவர் காதில் எதுவும் விழாது. "புற்றுநோய்" என்ற சொல்லோடு அவர் நின்றிருப்பார். அங்கே டாக்டர் கொஞ்சம் பேசாமல் இருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்து, தானாக ஒரு கேள்வி கேட்கும்வரை. நோயாளியோடு பேசும் முறையை எம்பிபிஎஸ் படிப்பிலேயே 2019 முதல் ஒரு பாடமாகச் சேர்த்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வரப்போகிறவர்கள். எனக்கு அவர்கள் மேல் நிறைய நம்பிக்கை.

அது டாக்டர்கள் பங்கு. நம் பங்கு?

கருப்பை இறங்கியிருக்கிறது, தும்மினால் சிறுநீர் கசிகிறது என்பதை எந்த அம்மா மகன் எதிரில் சொல்வார்? மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மருமகள் தூக்கம் வராத காரணத்தைச் சொல்வாள்? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு மாதக் கடைசி வரை ஓட்டுவதை, வாங்கிக் கொடுக்கும் பிள்ளையின் முன்னால் அப்பா சொல்லமாட்டார். எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்..." என்று இழுப்பார்கள். அதற்குள் அடுத்த டோக்கன் உள்ளே வந்திருக்கும்.

பக்கவாதத்தால் பேச்சு குழறுகிறவர்கள், ஞாபகம் தடுமாறுகிறவர்கள், சின்னக் குழந்தைகள், இவர்களுக்காக நாம் பேசித்தான் ஆக வேண்டும். மற்றவர்களுக்கு வாய் இருக்கிறது. அவர்கள் யோசித்து, சொல் தேடி, மெதுவாகத்தான் சொல்வார்கள். அந்த இடைவெளியைத் தாங்கமுடியாமல் நாம்தான் நிரப்பிவிடுகிறோம்.

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போது பழைய சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்டதும் இரண்டு நிமிடம் நீங்கள் பேசாதீர்கள். விட்டுப்போனதை அப்புறம் சொல்லலாம். முடிந்தால், "நான் வெளியே இருக்கேம்மா, நீங்க பேசிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். என்ன நடந்தது என்று எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்