குண்டுக்குக் கணக்கு உண்டு; ஆளுக்கு?

மார்கழி பிறந்தால் சென்னையில் கச்சேரிக்குப் பஞ்சமில்லை. தை பிறந்தால் பொருட்காட்சிக்குப் பஞ்சமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே, கடற்கரையை ஒட்டிய ஒரு மண்டபத்தில், யுத்த சரித்திரத்தைப் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று நடந்தது. பெரிய கூட்டமென்று சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள், கல்லூரி ஆசிரியர்கள், சில மாணவர்கள், சரித்திரத்தில் ருசியுள்ள வியாபாரிகள் இரண்டொருவர். நாமும் போயிருந்தோம்.

"மாண்டு போனவர்களை எழுப்பி மறுபடியும் சண்டை போட வைப்பானேன்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யுத்தம் என்றால் என்ன என்பதை அறியாதவன்தான் யுத்தத்தை விளையாட்டாகப் பேசுவான். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அண்டை நாட்டின் மேல் படையெடுக்கச் சொல்லும் வீரர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு யுத்தத்தின் விலை என்ன என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டாமா? அந்த வேலையைச் சரித்திரம் செய்ய வேண்டும்.

அந்த வேலையை அது செய்கிறதா? இதுதான் நமக்கு எழுந்த சந்தேகம்.

கருத்தரங்கில் அதிகம் அடிபட்டது 1758-59ஆம் வருஷத்துச் சென்னை முற்றுகை. கோட்டையின் படம் காட்டினார்கள். பீரங்கி மேடைகள் எங்கே இருந்தன, சுரங்கம் எந்தப் பக்கம் வெட்டினார்கள் என்றெல்லாம் விளக்கினார்கள். நன்றாகவே இருந்தது. முடிவில் ஒரு மாணவர் எழுந்து, "கோட்டைக்குள் நின்று சண்டை போட்ட சிப்பாய்கள் எந்த ஊர்க்காரர்கள்? யாருடைய பெயராவது தெரியுமா?" என்று கேட்டார். "அது தனி ஆராய்ச்சி" என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளரை அழைத்துவிட்டார்கள்.

தனி ஆராய்ச்சியா? அதுவல்லவா விஷயமே!

கடல் என்னும் சேனாபதி

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை. அந்தச் சண்டை கப்பலேறிச் சோழமண்டலக் கரைக்கும் வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 ஜூன் மாதம் கூடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்தார். பிறகு டிசம்பரில் சென்னைக்கு வந்தார்.

ஏன் டிசம்பர்? அங்கேதான் நமது கடல் வருகிறது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பிவிட்டால் பெரிய கப்பல்கள் இந்தக் கரையில் நிற்க அஞ்சும். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பல் படையை ஒரே ராத்திரியில் புயல் சின்னாபின்னமாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகள் கடலோடு போனார்கள். அந்தப் பயத்தினால் 1758இல் மழைக்காலத்துக்கு முன்பே ஆங்கிலேயக் கப்பல்கள் பம்பாய்க்குப் போய்விட்டன. பிரெஞ்சுக் கப்பல்களும் மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டன. கடல் வழியாக உதவி வராத காலம் பார்த்து லாலி கோட்டையை வளைத்துக்கொண்டார்.

டிசம்பர் 14ஆம் தேதி கறுப்பர் பட்டணம் அவர் கைக்கு வந்தது. 1759 ஜனவரி 2ஆம் தேதி பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. உள்ளே கவர்னர் பிகட்டும் தளபதி லாரன்ஸும் தாக்குப் பிடித்தார்கள். பிப்ரவரி 16ஆம் தேதி ஆங்கிலேயக் கப்பல்கள் ஆறு கண்ணுக்குத் தென்பட்டன. மறுநாள் பொழுது விடிவதற்குள் லாலியின் படை மூட்டை கட்டிவிட்டது. காற்றுத் திசை மாறியது, கப்பல் வந்தது, கோட்டை பிழைத்தது.

இந்த யுத்தங்களைப் பற்றி விரிவான சரித்திரம் எழுதியவர் ராபர்ட் ஆர்ம். சென்னை கவுன்சிலிலேயே அங்கத்தினராக இருந்தவர். கோட்டையிலிருந்து 26,000 தடவைக்கு மேல் பீரங்கி சுட்டார்கள் என்று அவர் கணக்குத் தருகிறார். எத்தனை வெடிகுண்டு, எத்தனை பீப்பாய் மருந்து என்பதற்கும் கணக்கு உண்டு. ஆங்கில அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. கோட்டைக் காவலில் பாதிக்கு மேல் இருந்தவர்கள் நம் நாட்டுச் சிப்பாய்கள். ஒன்றிரண்டு படைத்தலைவர்களைத் தவிர, அவர்கள் எல்லோரும் அந்தச் சரித்திரத்தில் வெறும் எண்ணிக்கைதான்.

காப்பாற்றியவனுக்குக் கிடைத்த பரிசு

பெயர் தெரிந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே, செங்கற்பட்டுப் பக்கமிருந்து வந்து, பிரெஞ்சுப் படையின் உணவு வண்டிகளை வழிமறித்து, அவர்களை நிம்மதியாகத் தூங்கவிடாமல் அடித்தவர் முகம்மது யூசுப்கான். மருதநாயகம் என்றும், கும்மந்தான் கான்சாகிபு என்றும் மக்கள் சொல்லும் அதே வீரர்தான். 1759 பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் நடந்த கடும் சண்டையிலும் அவர் இருந்தார். சென்னை பிழைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை ஆங்கிலேயரே ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்து வருஷம் கழித்து என்ன நடந்தது? மதுரையில் அவர் தனித்து நிற்க முயன்றார். அதே ஆங்கிலேயர் மதுரைக் கோட்டையை முற்றுகையிட்டார்கள். கூட இருந்தவர்களே அவரைக் கட்டிக்கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15ஆம் தேதி தூக்கு மேடை ஏறினார். அவரைப் பற்றி நாட்டுப்புறத்தில் கதைப்பாட்டு உண்டாயிற்று. கம்பெனி எழுதாத அனுதாபத்தை மக்கள் பாடி வைத்தார்கள்.

பாட்டுக்கும் எட்டாத சிப்பாய்களோ எங்கெங்கோ சிதறிப் போனார்கள். சென்னை முற்றுகையில் உள்ளே இருந்து போரிட்ட கர்னல் டிரேப்பர், 1762இல் சென்னையிலிருந்தே கப்பலேறிப் போய் மணிலாவைப் பிடித்தார். அவரோடு சிப்பாய்களும் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. மணிலாவுக்குச் சமீபத்தில் கைந்தா என்ற ஊரில், தங்கள் முன்னோர் அந்தச் சிப்பாய்கள்தான் என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. பிலிப்பைன்ஸில் ஓர் ஊர் நினைவு வைத்திருக்கிறது. அவர்களை அனுப்பிவைத்த ஊர் மறந்துவிட்டது!

ஹைகோர்ட்டுக்கு அடியில் ஓர் ஊர்

சண்டை போட்டவர்கள் கதை இப்படி. சண்டை போடாதவர்கள் கதை இதைவிட மோசம்.

இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் பழைய கறுப்பர் பட்டணம் இருந்தது. வீடும் கடையும் கோயிலுமாக நெருங்கிய ஊர். 1746 முதல் 1749 வரை சென்னையைக் கைவசம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மிச்சத்தையும் இடித்தார்கள். கோட்டையிலிருந்து சுடும்போது குறுக்கே வீடு இருக்கக் கூடாது என்பது காரணம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் 1757இல் தப்பவில்லை. பிற்பாடு தேவராஜ முதலி தெருவில் அதற்கு வேறு இடம் கிடைத்தது.

வீடிழந்த ஜனங்கள் வடக்கே போய்ப் புதிய கறுப்பர் பட்டணத்தில் குடியேறினார்கள். சுவர் காய்ந்ததோ இல்லையோ, 1758 டிசம்பரில் லாலியின் படை வந்து அந்தப் புதிய ஊரைக் கொள்ளையடித்தது. முதல் வீட்டை இடித்தவன் கோட்டைக்குள் இருப்பவன். இரண்டாவது வீட்டில் புகுந்தவன் கோட்டையைத் தாக்க வந்தவன். எவன் ஜெயித்தால் இவர்களுக்கு என்ன?

பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரத்தில் ஓர் எல்லைத்தூண் நிற்கிறது. 1773ஆம் வருஷம் போடப்பட்டது. இதற்கு அப்பால் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக் கூடாது என்று அதற்குப் பொருள். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடந்து பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். அது ஓர் ஊரின் சமாதிக்கல் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

புதுச்சேரியில் நடந்தது நெஞ்சை உருக்கும். 1758இல் தேவனாம்பட்டினத்தின் மேல் போகும்போது லாலிக்கு வண்டிமாடு கிடைக்கவில்லை. ஊர் ஜனங்களையே ஜாதி பேதம் பாராமல் பிடித்து இழுத்துப் பாரம் சுமக்க வைத்தார். இரண்டு வருஷம் கழித்துக் காலம் மாறியது. ஆங்கிலேயர் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்கள். தானியம் குறைந்தது. 1760 நவம்பர் கடைசியில், சோறு மிச்சமாகட்டும் என்று சுமார் 1,400 நகரவாசிகளைக் கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எதிரிப் படையோ அவர்களை அப்பால் போகவிடவில்லை. திரும்பி வந்தால் உள்ளேயிருந்து சுட்டார்கள். ஆண், பெண், குழந்தைகள் பல நாட்கள் இரண்டு படைகளுக்கும் நடுவே புல்வேரைத் தின்று உயிர் வைத்திருந்தார்கள். பிறகுதான் ஆங்கிலேயத் தளபதி கூட் மனமிரங்கி வழிவிட்டார்.

1761 ஜனவரி முதல் தேதி அடித்த புயலில், முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் பல நாசமாயின. அப்படியும் ஊர் தப்பவில்லை. 16ஆம் தேதி புதுச்சேரி சரணடைந்தது. வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். லாலியின் தலை 1766இல் பாரிஸில் போயிற்று. அவர் கதையை எழுதிவைத்தவர்கள் அநேகர். அந்த 1,400 பேரில் ஒருவர் பெயராவது யாருக்காவது தெரியுமா?

நம்மிடமே இருக்கும் புதையல்

"என்ன செய்வது, எழுதி வைக்கவில்லையே!" என்று சமாதானம் சொல்லித் தப்ப முடியாது. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தினமும் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். துரைமார் பேச்சு, சரக்கு விலை, ஊர் வதந்தி, ஜனங்களின் திகில் எல்லாம் அதில் உண்டு. புதுச்சேரி விழுந்த அதே ஜனவரி மாதத்தில் அவரும் காலமானார். அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ் மூலம் தொகுதி தொகுதியாக அச்சேறியது அதற்குப் பிறகுதான். தமிழன் எழுதியதைத் தமிழன் படிப்பதற்கு முன் ஆங்கிலேயன் படித்துவிட்டான்! எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனி காலத்துக் கவுன்சில் குறிப்புகள் இருக்கின்றன. கோட்டை மியூசியம் 1948 முதல் இருக்கிறது. தேட மனம் உள்ளவனுக்கு வழி இல்லாமல் இல்லை.

ஜனங்களுக்கு ஞாபகசக்தி கிடையாது என்றும் சொல்லக் கூடாது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சில நிமிஷ நேரம் சென்னையைச் சுட்டுவிட்டுப் போயிற்று. நூறு வருஷம் தாண்டியும், கெட்டிக்காரனைப் பார்த்தால் "அவன் சரியான எம்டன்" என்கிறோம். சில நிமிஷச் சத்தத்துக்கு ஒரு சொல்லையே கொடுத்தவர்கள், எடுத்துச் சொல்லியிருந்தால் இரண்டு மாத முற்றுகையை மறந்திருப்பார்களா?

செய்ய வேண்டியது

எனவே, இத்தகைய கருத்தரங்குகளை நடத்தும் அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் மூன்று. முதலாவது, தமிழில் நடத்துங்கள். ஒரு பாதியாவது தமிழில் நடத்துங்கள். யாருடைய பாட்டன் சண்டை போட்டானோ அவனுக்குப் புரியாத மொழியில் அந்தச் சண்டையைப் பேசுவது அழகல்ல. இரண்டாவது, மண்டபத்தோடு நிறுத்தாமல் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்லுங்கள். கோட்டை, எல்லைத்தூண், பரங்கிமலை எல்லாம் ஒரே நாளில் பார்த்து முடிக்கக் கூடியவை. மூன்றாவது, வருஷத்துக்கு ஒரு தலைப்பாவது சாதாரண மனிதனுக்கு ஒதுக்குங்கள். அலையில் மசூலா படகு தள்ளிச் சரக்கையும் சேனையையும் கரையேற்றிய படகோட்டி, பாரம் சுமந்த கூலிக்காரன், வீடிழந்த வியாபாரி, சம்பளத்துக்காகத் துப்பாக்கி பிடித்த சிப்பாய். இவர்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதும் மாணவனுக்கு ஒரு பரிசு வையுங்கள். பத்து வருஷத்தில் நூறு பெயராவது வெளிச்சத்துக்கு வரும்.

இதில் ஆங்கிலேயனைத் திட்டுவதும் வேண்டாம், பிரெஞ்சுக்காரனைத் திட்டுவதும் வேண்டாம். இரு பக்கப் பட்டாளத்திலும் நம் ஜனங்கள் இருந்தார்கள். இரு பக்கக் குண்டுக்கும் பலியானார்கள். ஒரு பக்கத்துக்குக் கொடி பிடிப்பதற்காக இதையெல்லாம் தோண்டி எடுத்தால், சரித்திரம் மறுபடியும் சண்டைக்குத்தான் உதவும். நடந்ததை நடந்தபடி, பாதிக்கப்பட்டவன் பக்கமிருந்து பார்த்துச் சொன்னால் போதும்.

அன்று மணிலாவுக்குக் கப்பலேறிப் போனவனுக்கும், இன்று எல்லையில் நிற்கும் நம் கிராமத்துப் பையனுக்கும் வீட்டில் ஒரு தாய் உண்டு. அந்தப் பையனின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவன் தாய்க்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அன்றைய தாய்மார்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த மார்கழியில் கூடும் அறிஞர்கள் அந்தப் பாக்கியில் கொஞ்சமாவது தீர்த்துவைப்பார்களானால், கடலோரத்தில் கூடியதற்கு அர்த்தம் உண்டு.